தார்ப் பாலைவனத்தில் கிடை போடுகிறவர்கள் யார்? பால் விற்க மாட்டார்களாமே?

வடக்குவாய்க்கால் (திருத்துறைப்பூண்டி):

எங்கள் நிலம் முள்ளியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சம்பா அறுப்பதற்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்தையும் எடுத்துவிட்டால் வயல் சும்மா கிடக்கும். அப்போது ராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எருவுக்காக இரவில் ஆடுகளை வயலிலேயே அடைத்துக் கிடை மடக்குவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுக்கிறேன். அப்பா காலத்தில் நெல்லாக அளந்தார்கள். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்பார் அப்பா. உரக்கடைக் கணக்கு ஏற ஏற அந்தப் பேச்சு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

என் அக்கா மகன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் பணி. போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். சாலையை அடைத்துக்கொண்டு செம்மறி மந்தை. கூடவே சிவப்புத் தலைப்பாகை, வெள்ளை வேட்டி கட்டிய ஆட்கள். பின்னால் ஒட்டகங்கள். ஒட்டகத்தின் முதுகில் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டில் கால்களுக்கு நடுவில் பானை, மூட்டை, அன்று பிறந்த ஆட்டுக்குட்டிகள். இதைப் பார்த்ததும் எங்கள் கீதாரியிடம் காட்டினேன். அவர் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். "நம்ம ஆட்கள்தான், ஆனால் தலைப்பாகைதான் பெரிதாக இருக்கிறது" என்றார்.

இவர்கள் யார்? பழங்குடியினரா? அங்கும் நிலத்துக்காரர் கிடைக்குப் பணம் கொடுக்கிறாரா, அல்லது மேய்ச்சலுக்காக இவர்கள் நிலத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டுமா? இன்னொன்று: ஒட்டகப் பாலுக்குக் காசு வாங்க மாட்டோம் என்று சொல்லி, அதில் டீ போட்டுச் சும்மாவே கொடுத்தார்களாம். அது உண்மையா, அல்லது ராணுவச் சீருடைக்குக் கொடுத்த மரியாதையா?

கார்த்திகையில் மனைவியுடன் புஷ்கர் சந்தைக்குப் போகலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டுக்கோட்டையான்:

ஜோத்பூரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர்கள் பிஷ்னோய் பழங்குடியினர். மரத்தை வெட்ட மாட்டார்கள், மாமிசம் தொட மாட்டார்கள், தாயை இழந்த மான்குட்டிக்குப் பெண்கள் தங்கள் பாலையே கொடுப்பார்கள். 1730-இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புச் சூளைக்கு மரம் வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிரைக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர். இடத்தின் பெயர் கேஜர்லி. பாலைவனத்துப் பழங்குடியினர் எல்லோருமே இந்த மாதிரிதான். இயற்கையோடு இயைந்து வாழ்பவர்கள். பால் விற்காததும் அதனால்தான்.

---

அரசலாற்றுக்கரை (ஆடுதுறை):

தம்பி, நான் கால்நடை மருத்துவர். ஓய்வு பெற்றாயிற்று. சின்ன வயதில் ஒட்டகம் பற்றிப் படிக்க பிகானேர் போனவள். அதன் பிறகும் பாலி, ஜோத்பூர்ப் பக்கம் போய்வரும் பழக்கம் விட்டுப்போகவில்லை. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை ஐயா சொன்ன கேஜர்லி சம்பவம் உண்மை. அங்கே செத்தவர்கள் காத்த கேஜ்ரி மரம் வேறொன்றும் இல்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான். ஆனால் பிஷ்னோய்கள் பழங்குடியினர் அல்ல. ஜாம்போஜி என்ற குரு 1485-இல் தொடங்கிய சமய மரபைச் சேர்ந்தவர்கள். 29 விதிகள் வைத்து நடப்பவர்கள். பெரும்பாலும் நிலம் வைத்து உழுபவர்கள். வீடியோவில் இருப்பது அவர்கள் அல்ல. சிவப்புத் தலைப்பாகையும், செம்மறியும், கட்டில் கவிழ்த்த ஒட்டகமும் என்றால் ராய்க்கா. குஜராத்தில் ரபாரி என்பார்கள்.

அவர்கள் பழங்குடியினரா என்று கேட்டீர்கள். யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குஜராத்தில் கிர், பர்டா, ஆலேச் காடுகளுக்குள் குடியிருக்கும் ரபாரிகள் மட்டும் அட்டவணைப் பழங்குடியினர். காட்டுக்கு வெளியே இருக்கும் அவர்களுடைய பங்காளிகள் இல்லை. ராஜஸ்தானில் ராய்க்காக்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், குஜ்ஜர், பஞ்சாரா, காடியா லோஹார் ஆகியோருடன் சேர்ந்து இருக்கிறார்கள். பாலைவனத்தில் சட்டப்படியும் பழங்குடியினர் என்றால் பில் மக்கள். பார்மேரிலும் ஜெய்சல்மேரிலும் இருக்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கரிலும் இருக்கிறார்கள். பாம்பாட்டிக் கால்பேலியாக்கள் அட்டவணைச் சாதியினர். அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையும் 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவர்கள் கூடையிலிருந்த பாம்பை எடுத்துக்கொண்டுவிட்டது. 'பாலைவனத்துப் பழங்குடியினர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இவ்வளவும் நசுங்கிப் போகும்.

கிடைக் கணக்குக்கு வருகிறேன். நிலத்துக்காரர்தான் கொடுக்கிறார், நம் ஊர் மாதிரியே. தீபாவளி முடிந்ததும் ராய்க்காக்கள் ஆரவல்லி மலையைத் தாண்டி மத்தியப் பிரதேசத்தின் மால்வா சமவெளிக்கும், சிலர் ஹரியாணாவுக்கும் போவார்கள். மழை தொடங்கும்போது ஊர் திரும்புவார்கள். வழியில் அறுவடை முடிந்த வயலில் மந்தையை மடக்குவார்கள். கூலி பணமாகவோ கோதுமையாகவோ வரும்; சர்க்கரை, டீத்தூள், புகையிலை கேட்டு வாங்குவதும் உண்டு. ஆனால் பேரம் எல்லா இடத்திலும் ஒரே பக்கம் சாயாது. வயலில் தண்ணீர் வசதி வந்து மூன்றாவது போகமும் வைக்கத் தொடங்கிவிட்டால் நிலத்துக்காரருக்குக் கிடை தேவையில்லை, ஆடு தொல்லையாகிவிடும். நம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு வந்த ஊர்களில் கீதாரிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இனி பால். சீருடைக்காகக் கொடுத்தது அல்ல. அது அவர்களுடைய பழைய கட்டுப்பாடு. பாலை விற்பதும் பிள்ளையை விற்பதும் ஒன்று என்பார்கள். நான் முதன்முதலில் அந்தப் பாலைக் குடித்தது டம்ளரில் அல்ல, எருக்கிலையை மடித்துச் செய்த தொன்னையில். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பயமுறுத்தி வளர்க்கப்பட்ட ஆடுதுறைப் பெண் நான். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தக் குடும்பமே சிரித்தது. பால் லேசான உப்புக் கரிப்போடு நன்றாகத்தான் இருந்தது.

பால் மட்டும் அல்ல. பெண் ஒட்டகத்தை வெளியாருக்கு விற்பதில்லை. ஒட்டகத்தைக் கறிக்கு வெட்டுவதில்லை. இதைக் கேட்டதும் பலரும் 'ஆகா, என்ன கருணை' என்று உருகிவிடுவார்கள். எனக்கு அது கருணையாக மட்டும் தெரியவில்லை. பெண் ஒட்டகம் ஏறக்குறைய 13 மாதம் சுமக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு கன்று என்றால் நல்ல ஈற்று. கடன்காரனுக்குப் பயந்து நான்கு பெட்டையை விற்றுவிட்டால் அந்த மந்தை உங்கள் ஆயுளில் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் பெட்டையில் கை வைக்காதே என்று சாமி பெயரால் பூட்டுப் போட்டார்கள். ஆண் கன்றுகளை வளர்த்து புஷ்கர், நாகௌர் சந்தைகளில் விற்றார்கள். வண்டிக்கு, ஏருக்கு, எல்லைக் காவலுக்கு என்று ஆண் ஒட்டகத்துக்கு ஆள் இருந்தவரை இந்தக் கணக்கு பிசகாமல் ஓடியது. பால் வழிப்போக்கனுக்கும் ஏழை வீட்டுக்கும் போனது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரே மழை பெய்யும் ஜெய்சல்மேர் மாதிரி ஊரில் பசித்து வந்தவனிடம் காசு கேட்கிறவன், நாளைக்குத் தானே வழிப்போக்கனாகும்போது என்ன செய்வான்?

ராய்க்காக்களிடம் ஒரு கதை உண்டு. பார்வதி களிமண்ணில் விளையாட்டாக ஒரு பிராணி செய்தாளாம். அதற்கு ஐந்து கால். சிவன் ஐந்தாவது காலை மேல்நோக்கித் தள்ளினார், அது திமிலானது. உயிர் வந்த ஒட்டகம் ஓட்டம் பிடித்து எல்லாவற்றையும் நாசம் செய்தது. அதை மேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்று சிவன் உண்டாக்கியவன்தான் முதல் ராய்க்கா. ஆக ஒட்டகம் முதலில், மனிதன் பிறகு. இன்னொரு பக்கம் பாபூஜி என்ற வீரர். அவர்களுக்குத் தெய்வம். மார்வாருக்கு, அதாவது ஜோத்பூர்ச் சீமைக்கு, முதன்முதலில் ஒட்டகம் கொண்டு வந்தவர் அவர்தானாம்; எங்கிருந்து என்றால், இலங்கையிலிருந்து! பாபூஜியின் கதையைப் பெரிய துணியில் சித்திரமாக எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு பட் என்று பெயர். ஒட்டகத்துக்கு நோய் கண்டால் போபா என்ற பாடகரையும் அவர் மனைவியையும் வரவழைப்பார்கள். துணியை விரித்துக் கட்டி, ராவணஹத்தா என்ற வில் வாத்தியத்தை இழைத்துக்கொண்டு, விளக்குப் பிடித்து ஒவ்வொரு படமாகக் காட்டி இரவு முழுவதும் பாடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள், போபாவையும் கூப்பிடுவார்கள். ஊசி போட்டது நான், நேர்ச்சை போனது பாபூஜிக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை, ஒட்டகம் எழுந்தால் சரி. சுர்ரா என்று ஒரு ரத்த நோய் இருக்கிறது. ஈ கடித்துப் பரவுவது. ஒட்டகத்தின் மூத்திரம் நனைத்த மணலைக் கையில் எடுத்து முகர்ந்தே அது சுர்ராவா இல்லையா என்று மூத்த மேய்ப்பர்கள் சொல்வார்கள்.

இப்போது கெட்ட செய்தி. 1970-களில் நாடு முழுவதும் 11 லட்சம் ஒட்டகங்கள் போல இருந்தன. 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019-இல் 2.5 லட்சம். டிராக்டர் வந்தது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நம் டெல்டாக்காரர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்: வாய்க்கால். பஞ்சாபில் ஹரிக்கே அணையிலிருந்து ஜெய்சல்மேர் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் இந்திரா காந்தி கால்வாய்க்கு 1958-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் வந்த இடமெல்லாம் கோதுமையும் பருத்தியும் கடுகும் வந்தன. ஒட்டகம் மேய்ந்த பூமி பட்டா நிலமாயிற்று. தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் நல்லது என்பது நம் ஊர்ப் புத்தி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அங்கே சொத்து தண்ணீர் அல்ல, புல். புல்லுக்குப் பட்டா கிடையாது.

இதற்கு மேல் சட்டம் ஒன்று. 2014-இல் ஒட்டகத்தை ராஜஸ்தானின் மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015-இல் ஒட்டகத்தை வெட்டக் கூடாது, வெளிமாநிலத்துக்கு அனுப்ப அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எண்ணம் நல்லதுதான். விளைவு? வெளிமாநில வியாபாரிகள் வருவதை நிறுத்தினார்கள். ஆண் ஒட்டகத்தின் விலை படுத்துவிட்டது. விற்க முடியாத ஆணை எத்தனை காலம் கட்டித் தீனி போடுவது? காப்பாற்ற வந்த சட்டம் மேய்ப்பவனின் ஒரே வருமானத்தை அடைத்துவிட்டது. மிஞ்சியது பால். அதை விற்கக் கூடாது என்பதோ தாத்தா போட்ட கட்டுப்பாடு. பாலி மாவட்டத்தில் சாத்ரி என்ற ஊரில் இல்சே கோலர் ரோலஃப்சன் என்ற ஜெர்மன் கால்நடை மருத்துவரும் உள்ளூர்க்காரர்களும் 1996-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்கள் ராய்க்காக்களோடு சேர்ந்து ஒட்டகப் பால் விற்பனையை மெல்ல மெல்லத் தொடங்கினார்கள். குஜராத்தின் கட்ச் பக்கம் அமுல் 2019-இல் ஒட்டகப் பாலைப் பாட்டிலில் அடைத்தது. விற்கிறவர்களை இன்னமும் முறைத்துப் பார்க்கும் பெரியவர்கள் உண்டு. நான் விற்கிறவர்கள் பக்கம். பெட்டையைக் காக்கத்தான் கட்டுப்பாடு வந்தது. பாலை விற்றால்தான் பெட்டை மிஞ்சும் என்றால் விற்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் மெச்சவும் மாட்டேன். அட்சய திருதியைக்கு நாம் நகைக்கடை வாசலில் நிற்கிறோம்; அங்கே அந்த நாளில் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்யும் வழக்கம் இன்னமும் முழுதாக ஒழியவில்லை. உன் பெண்ணை என் பையனுக்குக் கொடு, என் பெண்ணை உன் பையனுக்குத் தருகிறேன் என்று மாற்றுச் சம்பந்தம். ஒரு பக்கம் கசந்தால் மறுபக்கத்துப் பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். பெரியவர் செத்தால் சாதி சனம் முழுவதற்கும் விருந்து போட்டு அதற்கு ஆடு விற்று, கடன் வாங்கி... 1960-லேயே ராஜஸ்தானில் சாவு விருந்துக்குத் தடைச் சட்டம் வந்தாயிற்று. விருந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது.

---

பட்டுக்கோட்டையான்:

அம்மா, திருத்தியதற்கு நன்றி. ஆனால் அரசாங்கப் பட்டியலை வைத்துப் பழங்குடி இல்லை என்று தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நம் நரிக்குறவர்கள் பட்டியலில் சேர்ந்தது 2023-இல்தான். அதற்கு முந்தின நாள் வரை அவர்கள் யார்?

---

அரசலாற்றுக்கரை:

நியாயமான கேள்வி. பிஷ்னோய் விஷயத்தில் என் பேச்சு நிற்கும். அது பட்டியலால் அல்ல, அவர்கள் பல சாதிகளிலிருந்து குருவிடம் வந்து சேர்ந்தவர்கள் என்பதால். ராய்க்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. காட்டின் எல்லைக்கல்லுக்கு உள்ளே அண்ணன் பழங்குடி, வெளியே தம்பி இல்லை என்பது மக்களைப் பார்த்து எழுதியது அல்ல, வரைபடத்தைப் பார்த்து எழுதியது.

---

தம்புரா (திருவையாறு):

ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆடு மாடு தெரியாது, பாட்டு கொஞ்சம் தெரியும்.

பார்மேர் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே மாங்கணியார் என்ற பாடகர் குலம் இருக்கிறது. முஸ்லிம்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பாடுவது பெரும்பாலும் இந்து ராஜபுத்திரர் வீடுகளில். இன்ன வீட்டுக்கு இன்ன பாடகர் குடும்பம் என்று பரம்பரைப் பாத்தியம். பிள்ளை பிறந்தால் போய்ப் பாடுவார்கள், கல்யாணத்துக்குப் பாடுவார்கள். எடுத்த எடுப்பில் அந்த வீட்டு முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்துவார்கள். குடும்ப வம்சாவளி வீட்டுக்காரரைவிடப் பாடகருக்குத்தான் நன்றாகத் தெரியும். கிருஷ்ணன் மேலும் பாடுவார்கள், சூஃபிப் பாடலும் பாடுவார்கள். கல்யாணத்துக்குப் பரிசாக ஒட்டகம் கொடுப்பதும் உண்டு.

இவர்களுக்குப் பக்கத்திலேயே லங்கா என்ற இன்னொரு பாடகர் கூட்டம். அவர்களுக்குப் புரவலர்கள் முஸ்லிம்கள். (பாபூஜியின் இலங்கையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கையில் சிந்தி சாரங்கி. மாங்கணியார் கையில் கமாய்ச்சா: குடம் போன்ற வயிறு, அதன் மேல் ஆட்டுத்தோல், நரம்புக் கம்பி, நீண்ட வில். வில்லைப் போட்டதும் வரும் கார்வை நம் வயலினில் கிடையாது. விரலிடுக்கில் இரண்டு இரண்டு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கர்த்தால் வாசிக்கும் இளைஞனைப் பார்த்தால் நம் கஞ்சிராக்காரர்கள் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

புரவலர் மரியாதை தவறினால் அவரை விட்டு விலகும் உரிமை பாடகருக்கு உண்டாம். அப்படி விலக்கப்பட்ட வீட்டுக்கு அது பெரிய அவமானம். இதையெல்லாம் வெளியுலகத்துக்குக் கொண்டு வந்தவர் கோமல் கோத்தாரி. 1960-இல் போருந்தா என்ற கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்தவர். அவர் அழைத்துப் போனதால்தான் கமாய்ச்சா வெளிநாட்டு மேடை ஏறியது. சாகர் கான் என்ற கமாய்ச்சா மேதைக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் கச்சேரியில் பல்லவி எல்லாம் முடிந்து, எழுந்து போகிறவர்கள் எழுந்து போன பிறகு, மாண்டு ராகத்தில் ஒன்று பாடுவார்களே, அந்த ராகம் அந்த மணலிலிருந்து வந்ததுதான். உங்கள் அக்கா மகனை ஒரு கல்யாண வீட்டுப் பாட்டை மட்டும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றுலா விடுதிப் பாட்டு வேண்டாம். அங்கே எல்லோரும் ஒரே நான்கு பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

---

வடக்குவாய்க்கால்:

அம்மாவுக்கும் சாருக்கும் நன்றி. நேற்று இரவு கிடையில் உட்கார்ந்து அம்மா எழுதியதை எங்கள் கீதாரிக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து கால் ஒட்டகம், இலங்கை இதையெல்லாம் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். சுர்ரா இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஆட்டுக்கு அது வருமா?" என்றார். பிறகு அவர் கேட்கச் சொன்னவை: அங்கே இரவுக் காவலுக்கு எத்தனை ஆள்? வலையா, படலா, முள்வேலியா? ஒருவர் ஆட்டோடு இன்னொருவர் ஆடு கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பார்கள்? பெண்கள் கூட வருவார்களா? இப்போது அவர் பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுகிறார்.

என் மனைவியின் கேள்வி ஒன்று. வீடியோவில் ஒரு பெண் முழங்கைக்கு மேலும் வெள்ளை வளையல் அடுக்கியிருந்தார். அது தந்தமா?

---

அரசலாற்றுக்கரை:

கீதாரிக்கு முதலில். சுர்ரா செம்மறிக்கு வந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஒட்டகம், குதிரைக்குத்தான் எமன். அவர் கவலைப்பட வேண்டியது துள்ளுமாரியும் ஆட்டுக்கொல்லியும். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

தனி ஆளாக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. பல குடும்பங்களின் மந்தைகள் சேர்ந்து ஒரே கூட்டமாகக் கிளம்பும். அதை டாங் என்பார்கள். ஆயிரக்கணக்கில் ஆடு, கூடவே ஒட்டகம், நாய், பெண்கள், குழந்தைகள். ஆம், பெண்கள் வருவார்கள். சமையல், குட்டி பராமரிப்பு, கடைத்தெருவில் நெய்யும் ரோமமும் விற்பது, முகாமைப் பிரித்துக் கட்டுவது எல்லாம் அவர்கள் கையில். கூட்டத்துக்கு ஒரு தலைவர். எந்த வழி போவது, எந்த ஊர் வயலில் என்ன கூலிக்குத் தங்குவது, காட்டு அதிகாரி மடக்கினால் யார் பேசுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பொதுச் செலவை ஆட்டுத் தலைக்கணக்கில் பிரிப்பார்கள். ஆனால் அவரவர் ஆடு அவரவருக்கு. தலைவர் சரியில்லை என்று தோன்றினால் அடுத்த வருடம் வேறு தலைவரோடு போவார்கள். ஓரிடத்தில் அதிக நாள் தங்க மாட்டார்கள். காலையில் சிலர் முன்னே போய்ப் புல்லும் தண்ணீரும் பார்த்து வருவார்கள். வேலிக்குக் கிடைத்த முள்ளை வெட்டிப் போடுவார்கள். நம் சீமைக்கருவேலம் அங்கேயும் மண்டிக் கிடக்கிறது. ஆடு கலந்தால் பயமில்லை. காதில் வெட்டு அடையாளம் இருக்கும். அது இல்லாவிட்டாலும் மேய்ப்பவர் கூப்பிடும் குரலுக்குத் தன் ஆடு பிரிந்து வந்துவிடும். உங்கள் கீதாரி இதைக் கேட்டது என்னைச் சோதிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

மேய்ச்சலுக்கு அவர்களிடம் இன்னொரு ஏற்பாடு இருந்தது. ஊருக்கு ஊர் ஓரண் என்று சாமிக்கு விட்ட காடு. அங்கே கோடரி நுழையக் கூடாது, ஆடு மாடு மேயலாம். நம் அய்யனார் கோயில் காட்டைப் பெரிதாக்கி, பல நூறு ஏக்கருக்கு விரித்துப் பாருங்கள், அதுதான். ஜெய்சல்மேரில் இந்த ஓரண்களின் குறுக்கேதான் சூரிய மின்சாரப் பலகைகளும் காற்றாலைகளும் உயரழுத்தக் கம்பிகளும் வந்து நிற்கின்றன; வருவாய்த்துறை ஏட்டில் பலவும் வெறும் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவற்றை அளந்து, அடையாளம் கண்டு, காடாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. காடாக அறிவித்தால் வெட்ட வருகிறவன் நிற்பான். மேய்க்க வருகிறவனையும் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் ராய்க்காக்களின் பயம். கும்பல்கட் சரணாலயத்தில் அந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு.

உங்கள் வீட்டம்மாவுக்கு: ஒரு காலத்தில் தந்தம், இப்போது பிளாஸ்டிக். கட்ச் பக்கத்து ரபாரிப் பெண்களின் பூவேலைப்பாடு பற்றியும் சொல்லுங்கள். கல்யாணச் சீருக்காக ஒரு பெண் பாவாடை, ரவிக்கை, பை, ஒட்டகச் சேணம் என்று வருடக்கணக்காகத் தைக்க வேண்டும். அது முடியாமல் கணவன் வீட்டுக்குப் போக முடியாது. கல்யாணம் தள்ளிப்போகிறது என்று 1990-களில் அவர்களில் ஒரு பிரிவின் பெரியவர்கள் பூவேலைப்பாட்டுக்கே தடை போட்டார்கள். பெண்கள் சும்மா இருந்தார்களா? ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கடையில் விற்கும் சரிகை நாடாவைத் தையல் இயந்திரத்தில் ஓட்டிப் புதிய பாணியையே உண்டாக்கிவிட்டார்கள். தடை கைவேலைக்குத்தானே!

நீங்கள் திருத்துறைப்பூண்டி என்பதால் இன்னொன்று. கட்சின் கடலோரத்தில் காராய் என்று ஓர் ஒட்டக இனம், 2015-இல் தனி இனமாகப் பதிவானது. பகீராணி ஜத் என்ற மேய்ப்பர்களும் ரபாரிகளும் வளர்க்கிறார்கள். அது கடலில் நீந்தும். நீந்தித் திட்டுக்குப் போய் அலையாத்தி இலையை மேயும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது, பக்கத்தில் ஓர் ஒட்டகம் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தி வந்தால் எப்படி இருக்கும், கீதாரியிடம் கேளுங்கள்.

புஷ்கர் பற்றி: கார்த்திகைப் பௌர்ணமி (வடநாட்டுக் கணக்கு; பல வருடம் நம் ஐப்பசியிலேயே வந்துவிடும்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அன்றைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அது ஏரியில் நீராடுகிறவர்களுக்கான நாள். கால்நடைச் சந்தை அதற்கு முன்பே கூடிக் கலைந்துவிடும். குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போய், விடியற்காலையில் மணல்மேட்டுக்கு நடந்து போங்கள். வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதையும், விலை படியாத ஆண் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்களையும் அப்போதுதான் பார்க்கலாம். தாமதமாகப் போனால் ராட்டினமும் மீசைப் போட்டியும்தான். குளிருக்குக் கம்பளி எடுத்துப் போங்கள். அங்கே வாங்கினால் சுற்றுலா விலை சொல்வார்கள். மறக்காமல் கீதாரியையும் அழைத்துப் போக முடியுமா பாருங்கள். அவருக்கு இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தால் போதும், அங்கே பேச்சு ஓடும்.